அணைந்தால் ஓடு!

1

டெலிபோன் அலறியது.

அபுதாபி, முசஃபாவின் பதினேழாவது சந்து. தண்ணீர் பரிசோதனைக் கூடம். ஜூன் மாதத்து வியாழக்கிழமை, மதியம் இரண்டு பத்து.

விஜயபாஸ்கர் பியூரெட் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பதினெட்டாவது சொட்டு... பத்தொன்பதாவது...

போன் விடுவதாக இல்லை.

எடுத்தான்.

"அண்ணா... நான் கனகா பேசறேன்."

"சொல்லு."

"அகிலாக்காவோட பெட்டி வந்திருக்குங்ணா. இத்தாலியிலருந்து."

பியூரெட் தன்பாட்டுக்குச் சொட்டிக்கொண்டே இருந்தது. குடுவைத் தண்ணீர் ரோஜா நிறத்தைத் தாண்டிச் சிவந்துபோனது. சோதனை பாழ்.

"எல்லாப் பெட்டியும் எட்டு மாசம் முந்தியே வந்தாச்சு கனகா. அவளே ஒரு பெட்டியிலதான வந்தா."



கனகா விளக்கினாள். சின்னப் பெட்டி ஒன்று. அங்கே அவர்கள் தங்கியிருந்த விருந்தினர் விடுதியில், கட்டிலுக்கு அடியில் ஒதுங்கிக் கிடந்திருக்கிறது. இப்போதுதான் சுத்தம் செய்தார்களாம். ஒயின் சரக்கோடு சேர்த்து அனுப்பி வைத்திருக்கிறார்கள். இன்று நாலு மணிக்கு அபுதாபி ஹோட்டலில் கம்பெனியின் ஒயின் ருசி பார்க்கும் விழா. அங்கே வந்தால் கையோடு வாங்கிக்கொண்டு போகலாம்.

"அப்பறம் அண்ணா..." குரல் தாழ்ந்தது. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். போன்ல வேண்டாம்."

வைத்துவிட்டாள்.

விஜயபாஸ்கர் குடுவையைக் கழுவி வைத்தான். துடைத்தான். ஏற்கெனவே துடைத்ததையே மறுபடியும் துடைத்தான்.

வயது முப்பத்தொன்று. எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி. எட்டு மாதமாக அவன் அழவில்லை. அழுதால் முடிந்துவிடும் என்று பயமோ என்னவோ.

அகிலா அவன் மனைவி. மது இறக்குமதிக் கம்பெனி ஒன்றில் ஒயின் ருசி பார்க்கும் வேலை. வாயில் ஊற்றி, உருட்டி, வாளியில் துப்பிவிட வேண்டும். "குடிக்கறதுக்குச் சம்பளம் இல்லீங்க. துப்பறதுக்குத்தான்" என்பாள். ஊரில் மாமியாரிடம் ஜூஸ் கம்பெனி என்று சொல்லி வைத்திருந்தாள்.

போன அக்டோபரில் கம்பெனி மூன்று பேரை இத்தாலிக்கு அனுப்பியது. எம்.டி. வெங்கட்ராமன், அகிலா, அகிலாவின் உதவியாளர் கனகா. மொலீஸே என்று ஒரு பிரதேசம். ஏழு நாள் சுற்றுப்பயணம். பதினொரு தோட்டம்.

ஆறாம் நாள், ஒரு தோட்டத்தின் பாதாள அறையில் அகிலா செத்துக் கிடந்தாள். படியில் பாதி எரிந்த மெழுகுவர்த்தி ஒன்று கிடந்தது.

திராட்சைச் சாறு புளித்துப் பொங்கும்போது வரும் கார்பன் டை ஆக்சைடு. காற்றைவிடக் கனம். தரையோடு தேங்கும். மூச்சு முட்டி மரணம். விபத்து!

இத்தாலி போலீஸ் எழுதியது. எல்லாரும் நம்பினார்கள்.

அவனும்தான்.

2

ஹோட்டல் ஹாலில் ஐம்பது பேர் இருந்தார்கள். வெள்ளை மேசை விரிப்பு, நீளக்கால் கண்ணாடிக் கிண்ணங்கள், பாலாடைக்கட்டித் துண்டுகள்.

நடுவில் வெங்கட்ராமன். நெற்றியில் மெல்லிய சந்தனக் கீற்று. கழுத்தில் போ டை.

"இத்தாலிக்காரனே மறந்துபோன மூலை இது" என்று ஆங்கிலத்தில் முழங்கிக்கொண்டிருந்தார். "ஒரு பக்கம் கடல். ஒரு பக்கம் மலை. நடுவுல ஆட்டு மந்தை போற பாதை. அந்தப் பாதையோரம் விளையறதுதான் இந்த டின்டிலியா திராட்சை!"

கிண்ணத்தைச் சுழற்றினார். மூக்கை உள்ளே விட்டார். கண்ணை மூடினார்.

அவருக்குப் பின்னால் நின்ற கனகாவின் கையில் வளையல் ஒரு முறை கலகலத்தது. பிறகு இரண்டு முறை.

"பழம்..." என்றார் வெங்கட்ராமன் சொக்கிப்போய். "அப்பறம்... மிளகு!"

கைதட்டல்.

விஜயபாஸ்கர் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஐம்பது பேரில் கனகாவைத் தவிர அவனுக்கு மட்டும் தெரிந்த ரகசியம் அது. மூன்று வருடம் முன்பு நடந்த சைனஸ் ஆபரேஷனில் வெங்கட்ராமனுக்கு வாசனை அறவே போய்விட்டது. மூக்கு இருக்கிறது. வேலை செய்யாது. வெளியே தெரிந்தால் தொழிலே போச்சு. அதனால் வளையல் பாஷை. ஒரு கலகலப்பு என்றால் பழம். இரண்டு என்றால் மிளகு. மூன்று என்றால் மரவாசனை.

முன்பு அகிலாவின் வளையல். இப்போது கனகாவின் வளையல்.

வெங்கட்ராமன் அவனைப் பார்த்ததும் ஓடி வந்தார். கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்கோ விஜயபாஸ்கர். அவ இல்லாம எனக்கு ஒரு கை ஒடிஞ்ச மாதிரி இருக்கு."

கை இல்லை, மூக்கு என்று நினைத்துக்கொண்டான்.

யாரோ அவன் கையில் ஒரு கிண்ணத்தைத் திணித்தார்கள். அவன் குடிப்பதில்லை. சும்மா பிடித்துக்கொண்டு நின்றான். சிவப்பு ஒயின் வழியாக மேசை விரிப்பின் பூத்தையல் தெளிவாகத் தெரிந்தது. கிண்ணத்தை வைத்துவிட்டுப் பக்கத்தில் கிடந்த ஹோட்டல் தீப்பெட்டியை எடுத்துப் பையில் போட்டான். அகிலா ஹோட்டல் தீப்பெட்டி சேர்ப்பாள். கைக்கு இன்னும் பழக்கம் விடவில்லை.

கனகா கண்ணால் கூப்பிட்டாள். நடைபாதைக்குப் போனார்கள். நீலநிறச் சின்னப் பெட்டி அங்கே இருந்தது.

"அண்ணா, நான் சொல்றதைப் பதறாமக் கேளுங்க."

"பதறல."

"அன்னிக்கு மத்தியானம் அக்கா தனியாத்தான் பாதாள அறைக்குப் போனாங்க. மேல் படியில நின்னு எனக்குக் கை காட்டினாங்க. கையில மெழுகுவர்த்தி எரிஞ்சிட்டிருந்துச்சு. இது போன வருஷமே சொன்னேன் உங்களுக்கு."

"சொன்ன."

"சொல்லாதது ஒண்ணு இருக்கு. அக்கா பின்னாலயே எம்.டி.யும் உள்ள போனாருங்ணா. அஞ்சு நிமிஷத்துல தனியா வந்தாரு."

நடைபாதை ஏசி சில்லென்று கழுத்தில் விழுந்தது.

"ஏன் இத்தனை நாள் சொல்லல?"

"விசா அவர் கையில. பாஸ்போர்ட் அவர் பீரோவுல. நான் என்னங்ணா பண்றது?"

அவள் கண்ணில் தண்ணீர் கட்டியது. அக்காவின் வாயை அடைக்கத்தான் இது என்றாள். அவர் மூக்கு விஷயம் அக்காவுக்குத் தெரியுமே! முசஃபா குடோனில், பின்பக்கக் கன்டெய்னரில், பெட்டிகளுக்குப் பின்னால் அக்காவின் கேமராவை எம்.டி. ஒளித்து வைத்திருக்கிறார். அதில் அந்த நாள் படம் இருக்கலாம். இன்று விழா முடியும்வரை அவர் இங்கேதான். ஏழு மணிக்கு அங்கே வந்தால் திறந்து காட்டுகிறேன்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றாள்.

சரி என்று தலையாட்டினான்.

3

டாக்ஸி பின்சீட்டில் பெட்டியைத் திறந்தான்.

மேலாக ஒரு சால்வை, இரண்டு சுடிதார். ஓரத்தில் பச்சைச் சுருள்கம்பி நோட்டு. அகிலாவின் ருசிக் குறிப்பு. ஆங்கிலத்தில் ஆரம்பித்து, இரண்டாவது வரியிலேயே தமிழுக்குத் தாவியிருந்தாள்.

'முதல் நாள். தெர்மோலி. கடலோரம். வெள்ளை ஒயின். எலுமிச்சம்பழத் தோல், கொஞ்சம் உப்பு. கடலைப் பார்த்துக்கொண்டே குடிப்பதால் உப்பா, நிஜமாகவே உப்பா? எம்.டி. துப்பவே இல்லை. நாலு கிண்ணம்!'

'மூன்றாம் நாள். மலை ஏறுகிறோம். வளைவுக்கு ஒரு ஊர், ஊருக்கு ஒரு நாய். மிளகாய் தடவிச் சுட்ட இறைச்சி கொடுத்தார்கள். நம் ஊர்க் காரம்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. கனகா கிண்டல் செய்தாள்.'

'நாலாம் நாள். டின்டிலியா. கடைசியில் பார்த்துவிட்டேன். நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி நிறம். கிண்ணத்துக்குப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியவில்லை. மிளகு, நாவல்பழம், மழை பெய்த செம்மண். தோட்டக்காரி கொஞ்சேட்டா சொல்கிறாள், வருஷத்துக்கு ரெண்டாயிரம் பாட்டில்தான் தேறும் என்று. நாம் அபுதாபியில் இதைப் போல ஐந்து மடங்கு விற்கிறோமே, எப்படி?'

அவன் படிப்பதை நிறுத்தினான்.

விரல் தெரியவில்லை.

இன்று ஹோட்டலில் அவன் கையில் இருந்த கிண்ணத்தில் பூத்தையல் தெரிந்தது! வேறு ஏதோ மட்டச் சரக்கு. டின்டிலியா லேபிள்.

'ஐந்தாம் நாள். நாளைக்குப் பாதாள அறை. இப்போது சாறு பொங்கும் காலம் என்பதால் ஆளுக்கொரு மெழுகுவர்த்தி தருகிறார்கள். ஏற்றித் தரையோடு பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டுமாம். எரிந்தால் போகலாம். அணைந்தால் ஓடு! கொஞ்சேட்டா இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சிரிக்கவே இல்லை.'

இதை அகிலா போனிலும் சொன்னாள். உங்க கெமிஸ்ட்ரியை இங்க சர்ச் மாதிரி நடத்தறாங்க என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு.

அடுத்த பக்கம்...

இல்லை. சுருள்கம்பியில் கிழிந்த காகிதத் துணுக்குகள் மட்டும் தொங்கின.

ஆறாம் நாளை யாரோ கிழித்திருக்கிறார்கள்.

வெங்கட்ராமன்!

பெட்டியின் அடியில் சுருட்டிய காலுறைகள். வளைகுடாவில் பெட்டி கட்டுகிற எல்லாருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. உடைகிற சாமான் எதுவானாலும் காலுறைக்குள் திணித்துவிடுவார்கள். சென்ட் பாட்டில், தைல பாட்டில், கடிகாரம். அகிலாவும் அப்படித்தான்.

ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தான். மூன்றாவது உருண்டையில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது.

காகிதம் சுற்றிய ஒரு சாண் நீளப் பொருள். மேலே அவள் கையெழுத்து. 'விஜிக்கு.'

அவனால் பிரிக்க முடியவில்லை. சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். நெஞ்சில் இடித்துக்கொண்டே வந்தது.

முசஃபாவில் இறங்கி நேராகச் செய்கு முகம்மது கடைக்குப் போனான். காயல்பட்டினத்துக்காரர். இரும்புச் சாமான் கடை. விஜயபாஸ்கரின் அறை அந்தக் கடைக்கு மேலேதான். எட்டு மாதமாக அவன் சாப்பிட்டானா என்று கேட்கிற ஒரே ஆள்.

பெட்டியை அவரிடம் கொடுத்தான். அடுத்த சந்துக் குடோனுக்குப் போவதாகச் சொன்னான்.

"அந்தச் சாராயக் குடோனுக்கா? உனக்கென்னப்பா அங்க வேலை?"

"ஒரு பொருள் எடுக்கணும் பாய்."

"சரி, சீக்கிரம் வா. கஞ்சி வச்சிருக்கேன். நீ வந்தாத்தான் நானும் குடிப்பேன்."

4

குடோனில் கனகா மட்டும் இருந்தாள். வாட்ச்மேனை டீ குடிக்க அனுப்பிவிட்டதாகச் சொன்னாள்.

பின்பக்கம் நாற்பதடி நீளக் குளிர்பதனக் கன்டெய்னர். மெஷின் ஓடவில்லை. ரிப்பேர் என்றாள். இரும்புச் சுவர் வெயிலில் காய்ந்து கொதித்தது.

"கடைசி வரிசைக்குப் பின்னாலங்ணா. நான் வாசல்ல நின்னு பார்த்துக்கறேன்."

உள்ளே போனான். இருபக்கமும் தோளுயரத்துக்கு அட்டைப்பெட்டிகள். கடைசியில் கூரைக்கு இரண்டடி கீழே வரை ஒரு அடுக்கு. பாதி தூரம் நடந்திருப்பான்.

தடால்!

இருட்டு!

வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. பூட்டு கிளிக்கென்றது.

"கனகா!"

காலடிச் சத்தம் நிதானமாக விலகிப்போனது.

நாற்பத்தாறு டிகிரி வெயிலில் காய்ந்த இரும்புப் பெட்டிக்குள், அவன் கணுக்கால் மட்டும் சில்லிட்டது.



பையைத் துழாவினான். தீப்பெட்டி! ஒரு குச்சியைக் கிழித்தான். மேலே வெறும் காற்று. கீழே தரையோடு வெள்ளைப் புகை ஓடிக்கொண்டிருந்தது. சுவரோரம் திறந்த தெர்மாகோல் பெட்டிகளில் வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள்.

ட்ரை ஐஸ். உறைய வைத்த கார்பன் டை ஆக்சைடு. அது தண்ணீராக உருகாது. நேராக வாயுவாகப் புகையும். இந்தச் சூட்டில் படுவேகமாகப் புகையும்.

அகிலாவைக் கொன்ற அதே வாயு!

குச்சி விரலைச் சுட்டது. பெட்டியில் இன்னும் எட்டு குச்சிகள்தான்.

சட்டைப் பையில் இருந்ததை எடுத்தான். இனி யோசிக்க நேரமில்லை. காகிதத்தைப் பிரித்தான். இன்னொரு குச்சி.

மெழுகுவர்த்தி.

காகிதத்தின் உட்புறம் அவள் எழுதியிருந்தாள். 'ஆளுக்கு ஒண்ணுதான் குடுத்தாங்க. நாளைக்கு இதை ஏத்திட்டுத்தான் இறங்கணும். எரிஞ்சது போக மிச்சம் உங்களுக்கு.'

அவன் திரியைப் பார்த்தான்.

வெள்ளைத் திரி.

ஒரு தடவைகூட நெருப்பு படாத திரி!

'கையில மெழுகுவர்த்தி எரிஞ்சிட்டிருந்துச்சு...'

பொய்.

ஆளுக்கு ஒன்றுதான். அகிலாவுடையது காலுறைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. அகிலா அன்று எதையும் ஏற்றவில்லை. மெழுகுவர்த்தி இல்லாமல் அவள் இறங்கியிருக்கவே மாட்டாள். அவள் இறங்கவில்லை. இறக்கப்பட்டாள்!

வெங்கட்ராமன் இல்லை. வெங்கட்ராமன் இல்லவே இல்லை.

டின்டிலியா என்று எதை ஊற்றிக் கொடுத்தாலும் தெரியாத மூக்கு அவருடையது. அந்த மூக்குக்குப் பின்னால் நின்று யார் வளையலை ஆட்டுகிறார்களோ, அவர்கள் வைத்ததுதான் ருசி. அகிலா இருக்கும்வரை அந்த இடம் காலியாகாது.

எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவனுக்குள் ஏதோ சூடாக அசைந்தது.

மெழுகுவர்த்தியை ஏற்றினான். குனிந்து தரையில் வைத்தான்.

சுடர் நெளிந்தது. நீண்டது. அணைந்தது.

அணைந்தால் ஓடு!

எங்கே ஓடுவது?

மூச்சு வாங்கியது. தலைக்குள் யாரோ ஆணி அடிக்கிற மாதிரி வலி. கெமிஸ்ட்ரியைக் கூப்பிட்டான். காற்றைவிடக் கனம்... தரையோடு தேங்கும்... அப்படியானால் மேலே!

அட்டைப்பெட்டி அடுக்கில் தொற்றி ஏறினான். ஒரு பெட்டி சரிந்து பாட்டில்கள் நொறுங்கின. உச்சிக்குப் போய்க் கூரையை ஒட்டிக் குப்புறப் படுத்தான். மெழுகுவர்த்தியை மறுபடி ஏற்றினான்.

எரிந்தது.

செல்போனை எடுத்தான். இரும்புச் சுவருக்குள் சிக்னல் கோடு வருவதும் போவதுமாக இருந்தது. பேச முடியாது. எஸ்.எம்.எஸ். தட்டினான். 'BAI. GODOWN BACK CONTAINER. LOCKED. CANT BREATHE.'

போகவில்லை.

மறுபடி. போகவில்லை. கதவு இருந்த திசையில் கையை நீட்டி மறுபடி...

போனது!

அதே நொடியில் சுவருக்கு வெளியே, எங்கோ தூரத்தில், அந்தித் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு கேட்டது.

விஜயபாஸ்கர் கண்ணை மூடிக்கொண்டான். செய்கு முகம்மது தொழுகைக்குப் போகும்போது போனை அணைத்துவிடுவார். ஒருநாளும் மறந்ததில்லை. இன்னும் இருபது நிமிடத்துக்கு அந்தப் போன் வெறும் கல்.

சுடரை வைத்துக் காற்றை அளந்தான். கீழிருந்து இரண்டாவது அடுக்கு உயரத்துக்கு இறக்கினான். எரிந்தது. ஐந்து நிமிடம் கழித்து இறக்கினான். அங்கே அணைந்தது. வாயு ஏறுகிறது. குச்சி நாலு. இன்னொரு ஐந்து நிமிடம். மூன்றாவது அடுக்கு உயரத்திலும் அணைந்தது. குச்சி மூன்று.

கூரைக்கும் அவன் மூக்குக்கும் நடுவே இரண்டு அடிக் காற்று.

அவள் அன்று எத்தனை நிமிடம் இருந்தாள்?

இந்தக் கேள்வியை எட்டு மாதமாக அவன் தன்னைக் கேட்டதில்லை. இப்போது கேட்டான்.

வெளியே காலடிச் சத்தம்.

மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தான்.

பூட்டு திறந்தது. கதவு அகலமாக விரிந்தது. சாயங்கால வெளிச்சத்தோடு அனல்காற்று உள்ளே பாய்ந்தது. வெள்ளைப் புகை வாசற்படியைத் தாண்டி, மடை உடைத்த தண்ணீர்போல வெளியே ஓடியது.

கனகா முகத்தில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு இரண்டு நிமிடம் வெளியிலேயே நின்றாள். பிறகு டார்ச் அடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். வெளிச்சம் தரையை மட்டும் துழாவியது. பிணத்தைத் தேடுகிறவர்கள் மேலே பார்ப்பதில்லை.

கடைசி வரிசைவரை வந்துவிட்டாள். நொறுங்கிய பாட்டில்களைப் பார்த்துக் குனிந்தாள்.

விஜயபாஸ்கர் அடுக்கின் பக்கவாட்டில் சறுக்கி இறங்கினான். விழுந்தான், எழுந்தான், வெளியே ஓடினான்.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டான்!

5

"அண்ணா!"

உள்ளிருந்து கதவைப் படபடவென்று தட்டினாள்.

விஜயபாஸ்கர் தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். நெஞ்சு காற்றை வாரி வாரி விழுங்கியது.

பின்னால் ஓடி வரும் சத்தம். செய்கு முகம்மது. தலையில் தொப்பி. ஒரு கையில் பூட்டு வெட்டும் கத்திரி, இன்னொரு கையில் ஒரு கண்ணாடி பாட்டில், காதுக்கும் தோளுக்கும் நடுவில் செல்போன்.

"தொழுதுட்டுப் போனைப் போட்டேன், உன் மெசேஜ். போலீசுக்கு அடிச்சேன். போர்டுல இருந்த முதலாளி நம்பருக்கும் அடிச்சேன். ஆமா, நீ வெளியில நிக்கிற... உள்ள யாருப்பா?"

"அகிலாவைக் கொன்னவ."

பாட்டிலையும் கத்திரியையும் பக்கத்து மேசையில், ஒயின் பாட்டில்களின் ஓரமாக வைத்தார்.

"லைன்ல யாரு பாய்?"

"முதலாளிதான். கார்ல வந்துட்டிருக்காரு."

"போனைக் கதவுகிட்டப் பிடிங்க."

பிடித்தார்.

"கனகா" என்றான் விஜயபாஸ்கர். குரலில் ஏற்றமில்லை, இறக்கமில்லை. "ட்ரை ஐஸ் எவ்வளவு வச்சேன்னு உனக்குத் தெரியும். எத்தனை நேரம் தாங்கும்னும் தெரியும். அகிலாவை நீதான் பக்கத்துல இருந்து பார்த்த."

"நான் ஒண்ணும் பண்ணலீங்ணா!"

"அவளோட மெழுகுவர்த்தி என் கையில இருக்கு. புதுசா இருந்துச்சு. திரி வெள்ளையா இருந்துச்சு. பாதாள அறைப் படியில பாதி எரிஞ்சு கெடந்தது யாருது?"

தட்டுவது நின்றது.

செய்கு முகம்மது அவன் தோளைப் பிடித்தார். "தம்பி, வேணாம். திறந்துவிடு. இந்தப் பாவம் உனக்கெதுக்கு?"

அவன் தாழ்ப்பாளை விடவில்லை.

"என்னுது" என்றாள் கனகா உள்ளிருந்து. "என்னோட மெழுகுவர்த்தி. அண்ணா, மூச்சு முட்டுது... திறங்க..."

"சொல்லி முடி."

சொன்னாள். பேர் தெரிந்த ஊர் ஒயின் என்றால் குடிக்கிறவன் கண்டுபிடித்துவிடுவான். இத்தாலிக்காரனே மறந்த ஊர் என்றால் யாருக்கு என்ன தெரியும்? மட்டச் சரக்கை இந்தக் குடோனிலேயே பாட்டிலில் அடைத்து டின்டிலியா லேபிள் ஒட்டினாள். இரண்டு வருடம் அது தாராளமாக ஓடியது. அசலை நேரில் ருசித்த அன்றே அகிலாவுக்கு உறைத்துவிட்டது. ஊர் திரும்பியதும் எம்.டி.யிடம் சொல்லிவிடுவேன் என்று ஆறாம் நாள் நோட்டில் எழுதினாள். எழுதியதைக் கனகாவிடமே காட்டினாள்.

"அக்கா என்னை நல்லவன்னு நினைச்சிட்டாங்க. எம்.டி. வேற மத்தியானம் குடிச்சிட்டுத் தூங்கிட்டாரு. தூக்க மாத்திரையை ஒயின்ல போட முடியாது, துப்பிருவாங்க. காபியில போட்டேன். அப்பறம் படியில... உருட்டி..."

அழ ஆரம்பித்தாள்.

"முழிச்சாளா?"

"இல்லீங்ணா. சத்தியமா முழிக்கவே இல்ல."

விஜயபாஸ்கர் தாழ்ப்பாளில் நெற்றியை வைத்துக்கொண்டான். இரும்பு இன்னும் சுட்டது. எட்டு மாதமாக உள்ளே கட்டிநின்றதெல்லாம் அப்போதுதான் கண் வழியாக வழிந்தது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

போனுக்குள்ளிருந்து வெங்கட்ராமன் "பகவானே... பகவானே..." என்று முனகுவது கேட்டது.

"போதும் தம்பி. செத்துப்போயிடுவா" என்றார் செய்கு முகம்மது.

"சாகமாட்டா பாய்."

தாழ்ப்பாளை விலக்கிக் கதவைத் திறந்தான். கனகா படியில் வந்து விழுந்தாள். அவனிடம் இருந்தது மூன்றே குச்சி. ஒன்றைக் கிழித்து மெழுகுவர்த்தியை ஏற்றினான். குனிந்து, கன்டெய்னரின் தரையில் அவள் முகத்துக்கு நேராக வைத்தான்.

சுடர் நிமிர்ந்து நின்று எரிந்தது.

"நீ கதவை விரியத் திறந்தப்பவே கேஸ் முழுசும் வெளிய ஓடிருச்சு. மறுபடி இடுப்பு உயரம் ஏற இருபது நிமிஷம் ஆகும். உள்ள படுத்து அளந்து பார்த்தேன். நீ பேசினது நாலு நிமிஷம்." மூச்சை இழுத்துவிட்டான். "உள்ள இருந்தது வெறும் காத்து கனகா. இந்த மெழுகுவர்த்தி உன் கையில இருந்திருந்தா உனக்கே தெரிஞ்சிருக்கும்."

கனகா சுடரையே பார்த்தாள்.

போலீஸ் வண்டி வந்தது. பின்னாலேயே வெங்கட்ராமனின் கார். அவர் போ டை அவிழ்ந்து தொங்கியது. விஜயபாஸ்கரின் முன்னால் வந்து நின்றார், கையைக் கூப்பினார்.

கனகாவை வண்டியில் ஏற்றினார்கள். அதிகாரி மேசையில் வரிசையாக நின்ற பாட்டில்களைக் காட்டி வெங்கட்ராமனிடம் ஆங்கிலத்தில் கேட்டார். நீங்கள்தானே நிபுணர்? இதில் எது போலி, எது அசல்?

வெங்கட்ராமன் நிமிர்ந்தார். முப்பது வருடப் பெருமை முதுகெலும்பில் ஏறி நின்றது. கடைசியாக இருந்த பாட்டிலை எடுத்து அங்கிருந்த கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றினார். சுழற்றினார்.

பழக்க தோஷத்தில் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

வளையல் சத்தம் இல்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டு மூக்கை உள்ளே விட்டார். கண்ணை மூடினார்.

விஜயபாஸ்கர் குனிந்து மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தான். முக்கால் பாகம் இருந்தது. எரிந்தது போக மிச்சம். அவள் காகிதத்தில் அதைச் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"இது அசல்!" என்றார் வெங்கட்ராமன். "நாவல்பழம்... மிளகு... சந்தேகமே இல்லை. அசல் டின்டிலியா!"

செய்கு முகம்மது மெதுவாகக் கையை நீட்டிப் பாட்டிலை வாங்கி மூடினார்.

"பூட்டு இறுகியிருந்தா விடலாம்னு கொண்டாந்தேன் சார். துரு எடுக்கற எண்ணெய்."